பேக்கப் குறைந்த டியூபுலர் பேட்டரி: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் வழிமுறை

வீட்டு இன்வெர்ட்டருடன் இணைக்கப்படும் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியை, அதாவது பாசிட்டிவ் தகடு குழாய் வடிவில் அமைந்த பேட்டரியை, மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்படுகிறது. புதிதில் மூன்று மணி நேரம் ஓடியது, இப்போது முக்கால் மணியில் பீப் அடித்து நின்றுவிடுகிறது என்ற புகாருடன் வரும் பேட்டரிகளில் ஒரு பகுதிக்கு இழந்த திறன் திரும்பக் கிடைக்கும். மற்றொரு பகுதிக்கு என்ன செய்தாலும் கிடைக்காது. அரைகுறைச் சார்ஜால் தகடுகளில் படிந்த சல்பேட், அடியில் தங்கிப்போன ஆசிட், பூத்துப்போன டெர்மினல் ஆகியவை திருத்தக்கூடியவை. பொருள் உதிர்ந்துபோன பாசிட்டிவ் தகட்டையும் உள்ளே ஷார்ட் ஆன செல்லையும் எந்தச் சார்ஜராலும் மீட்க முடியாது. இரண்டில் எது என்பதைப் பணம் செலவழிப்பதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம். அதற்குப் பேட்டரியின் மொத்த வோல்டேஜைவிட ஆறு செல்களின் அடர்த்தி அளவுகளும், அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடுமே நம்பகமான சாட்சி.

மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டுமே இது பொருந்தும். எஸ்எம்எஃப், ஜெல் போன்ற சீல் செய்த பேட்டரிகளுக்குக் கீழே சொல்லப்படும் உயர் வோல்டேஜ் சார்ஜை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

## தொடங்கும் முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஆசிட்டின் அடர்த்தியை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஹைட்ரோமீட்டர், டிஸ்டில்ட் வாட்டர், ரப்பர் கையுறை, கண்களைக் காக்கும் கண்ணாடி, அருகில் ஒரு வாளி நிறைய தண்ணீர் ஆகியவை போதும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது நல்லது. இன்வெர்ட்டரை அணைத்து, அதன் மெயின் பிளக்கையும் எடுத்த பிறகு நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றக்கூடியது. நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் மாடிப்படியின் அடிப்பகுதி. பல வீடுகளில் அதற்கு மேல் தட்டிலேயே சாமி படமும் விளக்கும் இருக்கும். வேலை முடியும்வரை விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் அங்கே எரியக் கூடாது.

## எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான முதல் அளவீடு

இன்வெர்ட்டர் முழுச் சார்ஜ் என்று காட்டிய பிறகு, பேட்டரியைக் கழற்றி ஓர் இரவு அப்படியே விட வேண்டும். மறுநாள் காலையில் பாசிட்டிவ் முனையிலிருந்து தொடங்கிச் செல்களுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்து, ஒவ்வொரு செல்லின் அடர்த்தியையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஹைட்ரோமீட்டரின் குழாயைச் செல்லுக்குள் விட்டு, ஆசிட்டை இரண்டு மூன்று முறை உறிஞ்சி அதே செல்லுக்குள் விட்ட பிறகே அளவைப் படிக்க வேண்டும். உள்ளே இருக்கும் மிதவை கண்ணாடிச் சுவரில் ஒட்டாமல் தன்னிச்சையாக மிதக்க வேண்டும். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு செல்லிலிருந்து எடுத்த ஆசிட்டை மற்றொரு செல்லில் விடக் கூடாது.

வெப்ப நாடுகளுக்கான டியூபுலர் பேட்டரிகளில் முழுச் சார்ஜ் நிலையில் அடர்த்தி பொதுவாக 27 டிகிரி செல்சியஸில் 1.240 அளவில் இருக்கும். காருக்கான பேட்டரிகளின் 1.280-ஐ இதனுடன் ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அளவு 0.007 குறைவாகக் காட்டும். ஆகவே மே மாத வெயிலில் பேட்டரி 37 டிகிரியில் இருக்கும்போது 1.233 காட்டினால் அது நிறைந்த பேட்டரியே.

தாளில் மூன்றில் ஒரு படம் தெரியும். ஆறும் சமமாகவும் 1.230-க்கு மேலும் இருக்கலாம். ஆறும் ஏறக்குறைய சமமாக, ஆனால் 1.210-க்குக் கீழே இருக்கலாம்; அல்லது ஐந்து சரியாக இருக்க, ஒன்று மட்டும் 0.030 அல்லது அதற்கும் மேல் தாழ்ந்திருக்கலாம். இடையில் யாராவது ஆசிட் ஊற்றியிருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும் என்பதால், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற யார் வந்தார்கள், என்ன ஊற்றினார்கள் என்று வீட்டாரிடம் முதலில் கேட்டுவிடுவது வழக்கம்.

## அறிகுறி 1: நேரம் குறைந்துவிட்டது, அடர்த்தியோ ஆறு செல்லிலும் சரியாக இருக்கிறது

சுமை கூடியிருக்கிறதா? செலவில்லாத காரணம் என்பதால் இதிலிருந்தே தொடங்க வேண்டும். புதிய 150 ஏஎச் பேட்டரியே 400 வாட் சுமையில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம்தான் தாங்கும். சுமை இரட்டிப்பானால் நேரம் பாதிக்கும் கீழே போகும். இன்வெர்ட்டர் லைனில் பின்னாளில் சேர்ந்த கணினி, கூடுதல் அறையின் விசிறி, யாரோ மாற்றி இணைத்துவிட்ட ஃபிரிட்ஜ் ஆகியவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். 75 வாட் பழைய சீலிங் ஃபேன் நான்கை 30 வாட் அளவிலான பிஎல்டிசி ஃபேன்களாக மாற்றினால், பேட்டரியைத் தொடாமலேயே சுமையில் 180 வாட் குறைகிறது.

இணைப்பு தளர்ந்திருக்கிறதா? மின்சாரம் நின்று சுமை ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈய முனையிலும், மற்றொன்றை அதில் மாட்டியிருக்கும் ஒயர் லக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு பழுது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதை, வென்ட் மூடிகள் இறுக்கமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஆப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவ வேண்டும். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் செல்லுக்குள் இறங்கக் கூடாது. பிறகு துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவலாம்.

இரண்டும் சரியென்றால், அடர்த்தி நிறைந்தும் திறன் இல்லை என்பதற்குப் பொருள், தகட்டில் வேலை செய்யும் பொருள் குறைந்துவிட்டது என்பதே. ஹைட்ரோமீட்டரில் ஏறும் ஆசிட் தெளிவாக இல்லாமல் செம்பழுப்பாகக் கலங்கி வந்தால் சந்தேகமே வேண்டாம். பாசிட்டிவ் தகடு உதிர்ந்துகொண்டிருக்கிறது. இதற்குச் சிகிச்சை கிடையாது. ஈக்குவலைசிங் சார்ஜ் (செல்களைச் சமப்படுத்த, வழக்கத்தைவிட உயர்ந்த வோல்டேஜில் ஏற்றும் சார்ஜ்) கொடுத்தால் உதிர்வு கூடவே செய்யும். கடைசியில் சொல்லியிருக்கும் பல்பு சோதனையைச் செய்து, எவ்வளவு திறன் எஞ்சியிருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு மாற்றுவதற்குத் திட்டமிடலாம்.

## அறிகுறி 2: சீக்கிரமே நிறைகிறது, சீக்கிரமே தீர்கிறது; ஆறு செல்லிலும் அடர்த்தி தாழ்வு

திறனை மீட்க உண்மையான வாய்ப்பு உள்ள பேட்டரி இதுதான். தகட்டில் படிந்த சல்பேட் கரையாமல் இறுகிவிட்டதாலோ, கனமான ஆசிட் அடியில் தங்கி மேற்பகுதி நீர்த்துப்போனதாலோ இப்படிக் காட்டும். 2012-இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் பேட்டரிகள் முழுச் சார்ஜைக் காணாமலேயே கெட்டன; இப்போது நிலைமை நேர்மாறு. மாதம் ஒருமுறை வரும் பராமரிப்பு மின்தடையைத் தவிர வேலையே இல்லாமல், குமிழி எழாத தாழ்ந்த வோல்டேஜிலேயே ஆண்டு முழுவதும் நிற்கின்றன. உயரமான டியூபுலர் பேட்டரிகளில் இதனால் ஆசிட் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடுவது அதிகம்.

முதலில் நீர்மட்டம். மிதவைக் காட்டியில் சிவப்புக் குறிக்குக் கீழே இறங்கியிருந்தால், தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் விட வேண்டும். மேல் குறிவரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகுதான். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழிந்து, நிரந்தரமாகவே அடர்த்தி குறைந்துவிடும். ஆர்ஓ தண்ணீரும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் டிஸ்டில்ட் வாட்டருக்கு மாற்று அல்ல. போர் தண்ணீரின் குளோரைடும் இரும்பும் தகட்டைத் தின்றுவிடும்.

அடுத்து இன்வெர்ட்டரின் சார்ஜிங் அமைப்பு. பல மாடல்களில் பின்பக்கம் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அது எஸ்எம்எஃப் நிலையில் இருந்தால் டியூபுலர் பேட்டரி ஒருநாளும் நிறையாது. சார்ஜின் இறுதிக் கட்டத்தில் பேட்டரி முனையில் அளந்து பார்க்கும்போது 14.2 முதல் 14.4 வோல்ட் வரை வந்து சில மணி நேரமாவது நிற்க வேண்டும், 13.6 அளவிலேயே நின்றுவிட்டால் கோளாறு அங்கேதான். சுவிட்சை மாற்றி நான்கைந்து நாள் ஓடவிட்டு அடர்த்தியை மறுபடி எடுத்தால், பல பேட்டரிகள் இத்துடனேயே தேறிவிடும்.

தேறாவிட்டால் ஈக்குவலைசிங் சார்ஜ். இதைப் பேட்டரியை இன்வெர்ட்டரிலிருந்து முழுவதும் பிரித்து, காற்றோட்டமான இடத்தில், வோல்டேஜையும் ஆம்பியரையும் தனித்தனியாக அமைக்கக்கூடிய சார்ஜரைக் கொண்டே செய்ய வேண்டும். முதலில் வழக்கமான முறையில் 14.4 வோல்ட்வரை முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, பிறகு மின்னோட்டத்தைத் திறனில் 5 சதவீதத்துக்கு, அதாவது 150 ஏஎச் பேட்டரிக்கு 7.5 ஆம்பியருக்கு, மட்டுப்படுத்தி, வோல்டேஜை 15.5-இல் வைக்க வேண்டும். வென்ட் மூடிகள் அடைப்பின்றி இருக்க வேண்டும்.

அதன்பின் மணிக்கு ஒருமுறை சார்ஜரை அணைத்து, ஆறு செல்களின் அடர்த்தியையும் வெப்பத்தையும் குறிக்க வேண்டும். நன்றாகப் போகும் பேட்டரியில் ஆறு வாய்களிலும் மெல்லிய குமிழிகள் பொரிவது ஒரே சீராகக் கேட்கும். அடுக்காகப் பிரிந்திருந்த ஆசிட்டை இந்தக் குமிழிகளே கலக்கிவிடுவதால், முதல் ஓரிரு மணியிலேயே அடர்த்தி சட்டென்று உயர்ந்தால் பெரும்பகுதிக் கோளாறு அந்தப் பிரிவினைதான் என்று கொள்ளலாம். சல்பேட் கரைவதோ மெதுவாக நடக்கும். ஒரு மணிக்கு 0.005 உயர்ந்தாலே திருப்திப்பட வேண்டும். வெப்பம் 45 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி ஆறவிட வேண்டும். 50-ஐத் தாண்ட எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. தொடர்ந்து மூன்று அளவீடுகளில் எந்தச் செல்லும் உயரவில்லை என்றால் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஓட்டுவது பாசிட்டிவ் தகட்டை அரிப்பதற்குத்தான் உதவும்.

ஆறவிட்டு, மேல் குறிவரை டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, ஒருமுறை பல்பு வைத்து இறக்கி, உடனே முழுச் சார்ஜ் ஏற்ற வேண்டும். இந்தச் சுற்றை இரண்டு மூன்று முறை செய்யும்போது ஒவ்வொரு முறையும் நேரம் சற்றே கூடும். கூடுவது நின்ற இடம்தான் அந்தப் பேட்டரியின் இன்றைய உண்மையான திறன். ஐந்தாறு ஆண்டு ஓடிய பேட்டரி புதிதாகிவிடும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

நன்றாகக் குமிழி எழுந்து, வோல்டேஜும் 15.5-இல் நின்று, அடர்த்தி மட்டும் ஆறு செல்லிலும் 1.200-ஐத் தாண்டவில்லை என்றால், அது சல்பேட் அல்ல. முன்பு எப்போதோ வழிந்தோடிய ஆசிட்டின் கணக்கு. இந்த ஒரு நிலையில்தான் அடர்த்தியைச் சரிசெய்ய ஆசிட் சேர்ப்பது முறை. அதையும் பேட்டரிக் கடையில் செய்துகொள்வதே பாதுகாப்பானது.

எப்சம் உப்பு, மந்திரப் பொடி, மின் துடிப்புகளால் சல்பேட்டைக் கரைப்பதாக விற்கப்படும் பல்ஸ் கருவி. இவற்றை விசாரிக்காதவர்கள் குறைவு. எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். அது தகட்டில் இறுகிய ஈய சல்பேட்டைக் கரைப்பதில்லை. அமெரிக்காவில் ஏடி-எக்ஸ்2 என்ற பெயரில் விற்கப்பட்ட, சோடியம் சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும் கலந்த பொடியைத் தேசியத் தர நிர்ணய நிறுவனம் சோதித்துப் பயனில்லை என்று கூறியதற்காக, அதன் இயக்குநர் ஆலன் ஆஸ்டின் 1953-இல் பதவி விலக நிர்பந்திக்கப்பட்டு, அறிவியலாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு மீண்டும் அமர்த்தப்பட்டார். விவாதம் அத்தனை பழையது. பல்ஸ் கருவியைப் பொறுத்தவரை, அதற்குக் கொடுக்கும் பணத்தை அளவாகச் சார்ஜ் ஏற்றும் நல்ல சார்ஜருக்குக் கொடுப்பது மேல் என்பது என் கருத்து.

## அறிகுறி 3: ஒரு செல் மட்டும் தாழ்ந்திருக்கிறது

அந்தச் செல்லில் மட்டும் தண்ணீர் அதிகமாக ஊற்றப்பட்டதா என்று மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் மற்றவற்றைப் போலவே இருந்தால், மேலே சொன்ன ஈக்குவலைசிங் சார்ஜை ஒருமுறை முயலலாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் தாழ்ந்த செல் மற்றவற்றை நோக்கி நகரத் தொடங்கினால், அது பின்தங்கிய செல் மட்டுமே, தொடர்ந்து ஏற்றலாம்.

ஐந்து செல்களில் குமிழி பொரிந்து, ஆறாவதில் சலனமே இல்லாமல் இருந்து, அடர்த்தியும் அசையவில்லை என்றால், அந்தச் செல் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. ஓய்வு நிலையில் பேட்டரி 10.5 வோல்ட் அளவில் நிற்பது இதை உறுதிசெய்யும். இத்தகைய பேட்டரியை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று இன்வெர்ட்டரில் விட்டுவைப்பது ஆபத்து. ஆறு செல்லுக்கான 14.4 வோல்ட்டும் ஐந்து செல்லின் மீது விழுவதால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 2.9 வோல்ட் போய், அவை கொதித்து வாயுவைக் கக்கும். அன்றே கழற்றிவிட வேண்டும்.

ஆசிட்டைக் கவிழ்த்துக் கழுவிப் புதிய ஆசிட் ஊற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. கவிழ்க்கும்போது அடியில் படிந்த வண்டல் கலைந்து தகடுகளுக்கு இடையில் சிக்கி, நன்றாக இருந்த செல்லும் ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. புதிய ஆசிட்டால் ஹைட்ரோமீட்டரில் எண் உயருமே தவிர, தகட்டில் திறன் உயராது.

## அறிகுறி 4: தண்ணீர் அடிக்கடி குறைகிறது, பேட்டரி சூடாகிறது

இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேற்கு வெயில் படும் சுவரோரமோ, இன்வெர்ட்டரின் சூடான காற்று நேராக அடிக்கும் இடமோ என்றால் நகர்த்திவிடலாம். சராசரி வெப்பம் 25 டிகிரிக்கு மேல் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

அடுத்து, சார்ஜ் முடிந்த பிறகும் வோல்டேஜ் 14.4-லேயே நாள் முழுவதும் நிற்கிறதா என்று அளக்க வேண்டும், முடிந்தபின் 13.5 முதல் 13.8 வரையிலான அளவுக்கு இறங்கிவிடுவதே முறை. இறங்காமல் நின்றாலோ 15-ஐத் தாண்டினாலோ கோளாறு இன்வெர்ட்டரின் சார்ஜிங் போர்டில் இருக்கிறது. அதைத் திறப்பது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

இன்வெர்ட்டர் சரியாக இருந்தும் தண்ணீர் செலவு கூடிக்கொண்டே போனால், ஷார்ட் ஆன செல் இருக்கிறதா என்று அறிகுறி 3-இன்படி பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் முதுமைதான். பாசிட்டிவ் கட்டமைப்பிலுள்ள ஆன்டிமணி கரைந்து நெகட்டிவ் தகட்டில் படிவதால், நிறைந்த பிறகும் பேட்டரி மின்னோட்டத்தை இழுத்துத் தண்ணீரைப் பிரித்துக்கொண்டே இருக்கும். இதைத் திருப்ப முடியாது. மாதாமாதம் மட்டம் பார்த்துத் தண்ணீர் ஊற்றி ஓட்டும்வரை ஓட்டலாம்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, பக்கச்சுவர் உப்பினாலோ மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம். மெயினை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, ஆளைக் கூப்பிட வேண்டும்.

## அறிகுறி 5: பல மாதம் கிடந்த பேட்டரியை இன்வெர்ட்டர் ஏற்க மறுக்கிறது

பூட்டிக் கிடந்த வீடுகளில் இதைக் காணலாம். வோல்டேஜ் மிகவும் இறங்கிவிட்டதால், பேட்டரி இருப்பதையே இன்வெர்ட்டர் உணராது. தனிச் சார்ஜரில் 2 அல்லது 3 ஆம்பியர் வைத்துத் தொடங்க வேண்டும். சல்பேட் இறுகிய பேட்டரியில் வோல்டேஜ் உடனே 15-ஐத் தாண்டித் தாவி, மின்னோட்டம் ஓர் ஆம்பியரைக்கூடத் தொடாது. இதைப் பார்த்து நிறைந்துவிட்டது என்று எண்ணி எடுத்துவிடக் கூடாது. உச்ச வோல்டேஜை 15.5-இல் கட்டி, கண்காணிப்பில் ஓரிரு நாள் பொறுத்தால், மின்னோட்டம் சிறிது சிறிதாகக் கூடி, வோல்டேஜ் 13-க்குக் கீழே இறங்கி, பிறகு வழக்கம்போல் ஏறத் தொடங்கும். அப்படி இறங்கி ஏறும் பேட்டரி பிழைக்கும். அதன்பின் அறிகுறி 2-இன் வழியே செல்லலாம். இரண்டு நாளுக்குப் பிறகும் அசைவில்லை என்றால் விட்டுவிடலாம்.

## அறிகுறி 6: இரட்டைப் பேட்டரி அமைப்பில் ஒன்று முந்தித் தீர்கிறது

24 வோல்ட் அமைப்பில் சுமை ஓடும்போது இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். வேறுபாடு 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், பலவீனமானது ஒவ்வொரு மின்தடையிலும் அளவுக்கு மீறி இறங்குகிறது. பலமானது ஒவ்வொரு சார்ஜிலும் அளவுக்கு மீறி ஏறுகிறது. இரண்டையும் பிரித்து 12 வோல்ட் சார்ஜரில் தனித்தனியே முழுமையாக ஏற்றி இணைத்துப் பார்க்கலாம். சில வாரங்களில் அதே வேறுபாடு திரும்பினால் பலவீனமானதை அறிகுறி 3-இன்படி சோதிக்க வேண்டும். மாற்ற நேர்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், பழையது புதியதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும்.

## மீண்டதா என்று அறிய: பல்பு சோதனை

சிகிச்சைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. காரின் முகப்பு விளக்குக்கான 12 வோல்ட், 60/55 வாட் பல்புகள் மூன்றின் 60 வாட் இழைகளை இணையாக இணைத்தால் சுமை 15 ஆம்பியர் அளவில் இருக்கும். பல்புகளைத் தரை ஓட்டின் மேல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் அருகில் இருந்தால் உருகிவிடும். முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் இவற்றை எரியவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை வோல்டேஜைக் குறித்து, 10.8 வோல்ட் வந்ததும் நிறுத்த வேண்டும்.

லேபிளில் 150 ஏஎச், சி10 (10 மணி நேரத்தில் தீரும் வேகத்தில் கணக்கிட்ட திறன்) என்றிருந்தால் புதிய பேட்டரி 10 மணி நேரம் எரிக்கும். சி20 (20 மணி நேரக் கணக்கு) என்றிருந்தால் எட்டு மணி நேரத்தை ஒட்டி. சி10 பேட்டரி 8 மணி நேரம் எரித்தால் தொழில்முறைக் கணக்கில் ஆயுளின் விளிம்பு, ஆனாலும் வீட்டுக்குப் போதும். 5 மணிக்கும் கீழே நின்றால், அதற்கு மேல் சிகிச்சைக்குச் செலவழிக்கும் மின்சாரமும் நேரமும் வீண். முதல் ஒரு மணியிலேயே வோல்டேஜ் சட்டென்று 2 வோல்ட் சரிந்தால், ஒரு செல் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று பொருள். அறிகுறி 3-க்குத் திரும்ப வேண்டும். சோதனை முடிந்த பேட்டரியை அன்றே சார்ஜில் போட வேண்டும்.

## ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் எந்தச் சிகிச்சையும் செய்யாமல், செல் வாரியான அடர்த்தித் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு சேவை மையத்தை அழைக்க வேண்டும். வெளியில் ஈக்குவலைஸ் செய்தது தெரிந்தால் உரிமை போய்விடக்கூடும். சுவரில் விரிசல், ஆசிட் கசிவு, உருகிய டெர்மினல், 15 வோல்ட்டைத் தாண்டும் இன்வெர்ட்டர், ஆசிட் சேர்த்துச் சரிசெய்ய வேண்டிய பேட்டரி ஆகியவையும் அவர்கள் வேலை.

மாற்றுவது என்று முடிவானால், பழையதைப் புதியதற்கு எக்ஸ்சேஞ்சாகக் கடையிலேயே கொடுத்துவிடலாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. பழைய இரும்புக்காரர் ஆசிட்டைக் கொட்டிவிட்டுத் தரச் சொன்னால் கொடுக்க வேண்டாம். அந்த ஆசிட்டில் ஈயம் கரைந்திருக்கும். அது சாக்கடையிலோ கிணற்றடியிலோ இறங்கக் கூடாது. மூடிகளை இறுக்கி, நிமிர்த்திய நிலையிலேயே ஏற்றி அனுப்ப வேண்டும்.